டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கார் வைத்திருப்பவர்கள் பேட்டரியைப் பற்றியும் டயரைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். டைமிங் பெல்ட் என்று சொன்னால் மட்டும் "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெல்ட்டும் அதற்கேற்ற மாதிரி எஞ்சினின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்துகொண்டு சத்தம் போடாமல் வேலை செய்கிறது. அறுந்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியவரும்!

இந்தப் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. வீடியோவைப் பார்த்து மாற்றியவர்களும் இருக்கிறார்கள். எஞ்சினைத் தொடவே கூடாது, கம்பெனி சர்வீஸுக்குத்தான் விட வேண்டும் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகின்றன. வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பதைவிட, அந்த எஞ்சினுக்குரிய சரியான தகவல் வேலை செய்பவர் கையில் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அது இருந்தால் பொன்னேரியில் ஒரு வேப்பமர நிழலிலும் பெல்ட் மாற்றலாம். இல்லையென்றால் ஏசி போட்ட ஒர்க்ஷாப்பிலும் மாற்றக் கூடாது.

முதலில் இந்தப் பெல்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். எஞ்சினின் கீழே கிராங்க்ஷாஃப்ட் சுற்றுகிறது, அதோடு சேர்ந்து பிஸ்டன்கள் மேலும் கீழும் போகின்றன. மேலே கேம்ஷாஃப்ட் சுற்றுகிறது, அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்குத் தவறாமல் இரண்டையும் கட்டி வைப்பதுதான் பல் வைத்த அந்த ரப்பர் பெல்ட். கிராங்க் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ரப்பருக்குள் கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுவதால்தான் பெல்ட் நீளாமல் தாக்குப்பிடிக்கிறது. பல் வைத்த பெல்ட் என்ற யோசனையே 1940களில் தையல் இயந்திரத்துக்காக அமெரிக்காவில் பிறந்தது. ஊசியும் பாபினும் ஒன்றுக்கொன்று தப்பாமல் ஓட வேண்டும் என்பதுதான் அங்கேயும் தேவை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி அதைக் காருக்குள் கொண்டுவந்தது. எடை குறைவு, விலை குறைவு, சத்தம் குறைவு என்பதால் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

சைக்கிள் செயின் கழன்றால் மாட்டிவிட்டு மறுபடி மிதிக்கலாம். இங்கே அது நடக்காது. பெல்ட் அறுந்ததும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும். திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும். கிராங்க் மட்டும் வண்டியின் வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். எல்லா எஞ்சினிலும் இப்படி ஆகாது, சிலவற்றில் போதுமான இடைவெளி விட்டிருப்பார்கள். ஆனால் டீசல் எஞ்சினில் தப்பிப்பது அரிது. டீசலுக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், அதனால் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் மிகக் குறைவு. வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். பதினைந்து வருட வண்டிக்கு அந்தச் செலவைக் கேட்டதும் பாதிப் பேர் வண்டியை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

சரி, இதற்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. கடம்பத்தூர் பக்கம் அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998இல் லான்சர் கார் அங்கிருந்துதான் வெளிவந்தது. அந்தக் காலத்தில் லான்சர் என்றால் ஒரு மவுசு! கல்யாண வீட்டு வாசலில் நின்றால் மாப்பிள்ளையைவிட காரைப் பார்த்தவர்கள் அதிகம். பிறகு புது லான்சர் விற்பனைக்கு வருவதே நின்றது. 2013இல் அதே ஆலையில் இசுசு வண்டிகளை ஒப்பந்த அடிப்படையில் பூட்டத் தொடங்கினார்கள். இசுசு 2016இல் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்துவிட்டது. 2021இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து பிரான்ஸின் சிட்ரோன் கார் வெளிவந்தது. இப்படி ஆலைக்குள் பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டே வந்தன. ஆனால் அந்தப் பழைய லான்சர்கள் எல்லாம் எங்கே போயின? பல கைகள் மாறி இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. விற்ற கம்பெனி கவனிக்காமல் விட்ட வண்டிக்கு அதன் உரிமையாளரும் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கும்தான் கதி.

லான்சரின் 2 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்தான். சாலையில் இன்னும் நடமாடும் பழைய வண்டிகளில் பெல்ட் கட்சி பெரியது. மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ, டாடா இண்டிகா, டஸ்டர் டீசல் எல்லாமே பெல்ட். ஆல்டோ கே10, ஸ்விஃப்ட் டீசல் போன்றவற்றில் செயின். சில இடங்களில் ஒரே பெயருக்குள்ளேயே குழப்பம் இருக்கிறது. ஹூண்டாய் ஐ10 காரின் 1.1 லிட்டர் எஞ்சினுக்குப் பெல்ட், 1.2 லிட்டர் கப்பா எஞ்சினுக்குச் செயின். "ஐ10க்கு பெல்ட் மாத்தணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் கிடையாது. எந்த எஞ்சின் என்று தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவருக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். மூன்றாவது கையாகவோ நான்காவது கையாகவோ ஒரு டீசல் கார் வாங்குகிறார். விற்கிறவர் டயரைக் காட்டுவார், மியூசிக் சிஸ்டத்தைப் போட்டுக் காட்டுவார். பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால் "இப்பத்தாண்ணே மாத்துனேன், கவலையே படாதீங்க" என்பார். பில் இருக்காது. மீட்டரில் ஓடும் எண்ணையும் முழுக்க நம்ப முடியாது. பெல்ட்டுக்கு கிலோமீட்டர் ஒரு கணக்கு, வயது இன்னொரு கணக்கு. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள். ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

ஊரின் நிலைமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயில், ஜி.என்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போவது, உருக்காலைப் பக்கத்துத் தூசி என எல்லாம் எஞ்சினுக்குத்தான் போய்ச் சேரும். நெரிசலில் ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடினாலும் மீட்டரில் பத்துக் கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும், பெல்ட் மட்டும் ஒரு மணி நேரம் முழுக்கச் சுற்றியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. சீட்டை மாற்றிவிடுவார்கள், கார்ப்பெட்டை மாற்றிவிடுவார்கள். மூடிக்குள் போன சேற்றை யார் பார்த்தார்கள்? பில் இல்லாத வண்டியில் பெல்ட் பழசு என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி வீட்டில் மாற்றுவது பற்றி. இந்த மாவட்டத்தில் கைவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தவர்கள், ஃபிட்டர்கள், டர்னர்கள், மில்லில் கியர்பாக்ஸைப் பிரித்துக் கோப்பவர்கள் எனத் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். ஆலையில் டன் கணக்கில் எடையுள்ள இயந்திரத்தைப் பூட்டுகிறவரிடம் "உன் காரின் பெல்ட்டை உன்னால் மாற்ற முடியாது" என்று சொல்வது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. திறமை அவரிடம் இருக்கிறது. ஆலையில் அவருக்குக் கிடைக்கும் வரைபடமும், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்ற அட்டவணையும் அவருடைய சொந்தக் காருக்குக் கிடைப்பதில்லை.

அந்த அட்டவணை ஏன் வேண்டும் என்பது வேலையைக் கொஞ்சம் பார்த்தால் புரியும். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் பெரும்பாலான கார்களில் பெல்ட் பக்கத்து எஞ்சின் மவுண்டைக் கழற்றினால்தான் வழி கிடைக்கும். அதற்கு முன்னால் எஞ்சினைக் கீழிருந்து தாங்க வேண்டும். ஆயில் சம்ப்பில் ஜாக்கியை நேரடியாக முட்டுக் கொடுத்தால் சம்ப் நசுங்கும், நடுவில் ஒரு மரக்கட்டை வேண்டும். வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டு வைக்காமல் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கிவிட்டுக் கீழே கை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் தப்பினால் எஞ்சின்தான் போகும், செங்கல் தப்பினால் ஆளே போய்விடுவார். ஸ்டாண்டு வாங்கக் காசில்லை என்றால் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அடுத்து மார்க். கிராங்க் புல்லியில் ஒரு குறி, கேம் புல்லியில் ஒரு குறி, பழைய டீசலில் பம்ப் புல்லியிலும் ஒரு குறி இருக்கும். மூன்றும் அதனதன் இடத்தில் நின்ற பிறகுதான் பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வெள்ளை பெயின்ட்டால் பழைய பெல்ட்டின் மேல் கோடு போட்டு, அதே கோட்டைப் புதிய பெல்ட்டில் எண்ணி வைக்கும் வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் பழைய பெல்ட்டே ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தால்? தவறு அப்படியே புதிய பெல்ட்டுக்கும் வந்துவிடும். கிராங்க் பக்கம் 20 பல் இருந்தால் ஒரு பல் தவறுவது கிராங்கில் 18 டிகிரி தவறுவதற்குச் சமம். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடவும் ஓடும், ஆனால் இழுவை இருக்காது. டீசல் ஃபில்டரில் தொடங்கி எதையெல்லாமோ மாற்றிப் பார்த்துக் காசைக் கரைப்பார்கள்.

மிட்சுபிஷி எஞ்சின்களில் சிலவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. அதிர்வைக் குறைக்க பேலன்ஸ் ஷாஃப்ட் என்று கூடுதல் தண்டுகள் வைத்து, அவற்றில் ஒன்றை ஓட்ட உள்ளே ஒரு குட்டிப் பெல்ட் வைத்தார்கள். ஆயில் பம்ப்போடு சேர்ந்து சுற்றும் தண்டுக்குக் குறி சரியாக இருப்பது போலவே தெரியும், ஆனால் தண்டு தவறான நிலையில் நிற்கலாம். அதைச் சோதிக்க எஞ்சின் பிளாக்கில் ஒரு துளை உண்டு. அதன் அடைப்பைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால், தண்டு சரியாக நிற்கும்போது ஆழமாகப் போகும், தவறாக நிற்கும்போது கொஞ்சம் போய் முட்டிக்கொள்ளும். இதை எந்த அனுபவசாலியும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று புத்தகத்தில் படித்திருக்க வேண்டும், அல்லது ஒரு முறை தவறு செய்துவிட்டு வண்டி முழுக்க நடுங்குவதைப் பார்த்திருக்க வேண்டும்.

டென்ஷனர் விஷயமும் இப்படித்தான். பெல்ட்டை அதிகம் இறுக்கினால் ஊளையிடும், பேரிங்கும் வாட்டர் பம்ப்பும் சீக்கிரம் போகும். தளர்ந்திருந்தால் பல் தாண்டும். "விரலால் திருகிப் பார், பாதி திரும்பினால் சரி" என்பது தலைமுறை தலைமுறையாக வரும் கைக்கணக்கு. சில பழைய எஞ்சின்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும், எல்லாவற்றுக்கும் வராது. எந்த எஞ்சினுக்கு எந்த முறை என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல முடியும். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனரையும் ஐட்லரையும் பழசாகவே விடுவதும் ஒரு கஞ்சத்தனம். பெல்ட் புதுசாக இருந்தும் பேரிங் சிக்கி நின்றால் முடிவு ஒன்றுதான். வாட்டர் பம்ப்பை இதே பெல்ட் ஓட்டும் எஞ்சினாக இருந்தால் அதையும், கசியும் ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு சாவியைத் திருகக் கூடாது. ஸ்பேனர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பலம் காட்டக் கூடாது. இரண்டு சுற்று முடிந்ததும் குறிகள் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்திருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்களின் வால்வுகள் வீட்டிலும் வளைந்திருக்கின்றன, ஷெட்டிலும் வளைந்திருக்கின்றன.

இவ்வளவும் எழுதப்பட்ட பக்கங்கள் கம்பெனியிடம் உண்டு. ஒர்க்ஷாப் மேனுவல் என்று பெயர். இங்கிலாந்தில் 1960களிலேயே ஹேய்ன்ஸ் என்ற பதிப்பகம் ஒவ்வொரு கார் மாடலையும் முழுதாகப் பிரித்துப் பூட்டி, படத்தோடு புத்தகமாகப் போடத் தொடங்கியது. அங்கே சாதாரணக் குடும்பஸ்தர் ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தைக் காரின் மேல் விரித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். தமிழில் சமையலுக்கும் ஜோசியத்துக்கும் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கிடைக்கும். சான்ட்ரோவின் பெல்ட்டுக்கு ஒரு பக்கமாவது கிடைக்குமா?

இந்தியாவில் இந்தச் சண்டை சட்டம் வரை போயிருக்கிறது. 2011இல் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் பழுதுபார்க்கும் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். அந்த 14 பேரில் திருவள்ளூரில் லான்சர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் கவரைப்பேட்டையில் வெயிலில் நிற்கும் இருபது வருட லான்சரின் மேனுவல் அதில் தானாக வந்து உட்கார்ந்துவிடாது.

தகவலைக் கொடுத்தால் அரைகுறைகள் எல்லாம் எஞ்சினைக் கெடுத்துவிடுவார்கள் என்பது கம்பெனிகள் சொல்லும் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தகவல் இல்லாவிட்டாலும் அவர்கள் செய்யத்தான் செய்கிறார்கள். வண்டி பழசானதும் கம்பெனி சர்வீஸ் கட்டுப்படியாகாமல் போகிறது, வேலை ரோட்டோர ஷெட்டுக்கு வருகிறது. அங்கே இருப்பவர் ஊகத்தில் செய்கிறார். மேனுவலை மறைத்து வைப்பதால் வேலை நிற்கவில்லை, ஊகம்தான் கூடுகிறது. ஷெட் வைத்திருப்பவரின் பிழைப்பு போய்விடுமே என்று இன்னொரு பக்கம் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தேவையில்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து, கையைக் கிழித்துக்கொண்டு பெல்ட் மாற்றத் தயாராக இருப்பவர்கள் ஊருக்குச் சிலர்தான். சரியான பக்கம் கிடைத்தால் அதிகம் பயன்பெறப் போகிறவரே அந்த ஷெட்காரர்தான்.

எல்லா வண்டியையும் வீட்டில் தொடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. புதிய எஞ்சின்களில் சில, பெல்ட்டை ஆயிலுக்குள்ளேயே ஓடவிடுகின்றன. திருவள்ளூர் ஆலை இப்போது இருக்கும் ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் பெட்ரோல் எஞ்சினில் இந்த ஏற்பாடு ஐரோப்பாவில் பெரிய தலைவலியானது. ஆயிலில் ஊறிய பெல்ட் உதிர்ந்து, துணுக்குகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தன. 2024இல் அந்தக் குழுமம் அங்கே அந்த எஞ்சினுக்கான பாதுகாப்பை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் என நீட்டிக்க வேண்டிவந்தது. இப்படிப்பட்ட எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் தனிக் கருவிகள் வேண்டும், சரியான தரத்தில் ஆயில் வேண்டும். அதை வேப்பமர நிழலில் செய்ய வேண்டாம். சொந்த வண்டியில் இருப்பது வெளிப் பெல்ட்டா, ஆயில் பெல்ட்டா, செயினா என்பதை எஞ்சின் எண்ணைச் சொல்லி எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

சாமான் வாங்குவதிலும் கவனம் வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னைக்கு மின்சார ரயில் உண்டு. ஒரே மாவட்டமாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தடம், ஆனால் சாமான் தேடுகிறவர்கள் கடைசியில் போய்ச் சேர்வது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோதான். புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், கியர்பாக்ஸ்கூட வாங்கலாம். பழைய டைமிங் பெல்ட்டை மட்டும் "நல்லா இருக்கு சார்" என்று யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. புதியதிலும் போலி உண்டு. பில்லோடு வாங்கி, அட்டையில் இருக்கும் எண்ணும் பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா, பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் முறைப்பார், முறைத்துவிட்டுப் போகட்டும். பெல்ட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ரயில் ஏறவும் கூடாது, உள்ளே இருக்கும் கண்ணாடி இழை உடைந்துவிடும்.

மாற்றி முடித்ததும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் தேதி, மீட்டரில் இருந்த கிலோமீட்டர், பெல்ட்டின் எண், டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் மாற்றினார்களா இல்லையா என்பதை அழியாத பேனாவால் எழுதி, பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். பில்லையும் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். அடுத்த முறை அந்த வண்டி கை மாறும்போது, வாங்குகிறவர் மியூசிக் சிஸ்டத்தைக் கேட்பதற்கு முன்னால் பானட்டைத் திறந்து பார்ப்பார்.